தப்பு என்று எல்லோருக்கும் தெரியுமே, பிறகு விழிப்புணர்வு எதற்கு?

கேள்வி, 24 நவம்பர் 2024

நாளை, நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அதிலிருந்து பதினாறு நாள் பிரசாரம்: மறுபடியும் ஆரஞ்சு நிறம், மெழுகுவர்த்தி, உறுதிமொழி. பெண்ணை அடிப்பது தப்பு, மனுஷரை விற்பது தப்பு என்று தெரியாத ஆள் ஒருத்தராவது உண்டா? அடிக்கிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு எதற்கு இத்தனை கூத்து? அந்தக் காசில் நாலு பேர் தங்க இடம் கட்டலாம். நான் சொல்வது தவறென்றால் யாராவது விளக்குங்கள்.

25 நவம்பர் 2024

தங்குமிடம் கட்டச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. கட்டட்டும். ஆனால் "தெரியாத ஆள் உண்டா" என்ற இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

சில காலம் உதவி அழைப்புகளை எடுக்கும் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். யாருடைய கதையையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அழைப்பவர்கள் பேச்சைத் தொடங்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்: "இதையெல்லாம் உங்களிடம் சொல்லலாமா தெரியல." அடுத்தது, "அடிக்கவெல்லாம் இல்லீங்க, ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதுதான் விஷயமே. சம்பளம் வரும் கணக்கின் அட்டை கணவரிடம். போன் கடவுச்சொல் அவரிடம். அம்மாவோடு எத்தனை நிமிஷம் பேசலாம் என்பதை முடிவு செய்வதும் அவர். கோபம் வந்தால் கழுத்தைப் பிடிப்பார், உடனே விட்டுவிடுவார்.

கழுத்தைப் பிடிப்பதை அடியில் சேர்க்காதவர்கள் நிறையப் பேர். காயம் தெரியாது, ரத்தம் வராது, அதனால். ஆனால் 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு. இது தெரிந்திருக்க வேண்டிய விஷயமா இல்லையா? உங்கள் வட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

பெண்ணை அடிப்பது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், சரி. தனக்கு நடந்துகொண்டிருப்பது அதுதான் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அடுத்து யாரிடம் போவது என்று தெரியாது.

26 நவம்பர் 2024

நேற்று ஐநா அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். 2023-ல் உலகம் முழுக்க துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 51,100 பேர். நாளுக்கு 140. வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களில் 60 சதவீதம் பேரை இப்படி வீட்டு ஆட்களே கொன்றிருக்கிறார்கள். கொல்லப்பட்ட ஆண்களில் அது சுமார் 12 சதவீதம்தான். ஆண்கள்தான் அதிகம் கொல்லப்படுகிறார்கள் என்று உடனே ஒருவர் வருவார். ஆமாம், ஆனால் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

பொழுது சாய்ந்தபின் வெளியே போகாதே, தெரியாத ஆளோடு பேசாதே என்று பெண் பிள்ளைகளுக்குக் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். அந்த அறிவுரை முழுக்க வாசலுக்கு வெளியே உள்ள ஆபத்தைப் பற்றியது.

அதே நாள், இரவு

"ஏன் நவம்பர் 25?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டொமினிகன் குடியரசில் சர்வாதிகாரி த்ருஹியோவை எதிர்த்த மிராபால் சகோதரிகள் பாத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா மூவரும் 1960 நவம்பர் 25 அன்று, சிறையிலிருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மறிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார்கள். வண்டி பள்ளத்தில் உருண்டு விபத்து என்று காட்டப்பார்த்தார்கள். நாடு நம்பவில்லை. அடுத்த ஆண்டே த்ருஹியோ சுட்டுக் கொல்லப்பட்டார். லத்தீன் அமெரிக்கப் பெண்கள் 1981-ல் போகோட்டாவில் கூடி இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐநா ஏற்றுக்கொண்டது 1999-ல்தான். நான்காவது சகோதரி தேதே அன்று அவர்களோடு போகவில்லை. சகோதரிகளின் பிள்ளைகளை வளர்த்து, 2014 வரை வாழ்ந்து, அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மெழுகுவர்த்திக்கு முன்னால் இருந்த கதை இது. ஒரு ஆட்சிக்கு எதிரான கதை. உறுதிமொழித் தாளில் இதை அச்சடிக்கும் நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

28 நவம்பர் 2024

சுவரொட்டிகளைப் பற்றி ஒரு புலம்பல். மூலையில் சுருண்டு முழங்காலில் முகம் புதைத்த பெண். இருட்டு. அல்லது சங்கிலி போட்ட இரண்டு கைகள், மணிக்கட்டில் பட்டைக் குறியீடு. இந்த இரண்டு படங்களை விட்டால் வேறு படமே உலகத்தில் இல்லையா?

கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்து, சிரித்து, வேலைக்குப் போகும் பெண் இந்தப் படத்தைப் பார்த்து "இது நான் இல்லை" என்று கடந்துபோவாள். சங்கிலியைத் தேடும் அதிகாரி, சங்கிலி இல்லாத இடத்தில் "யாரும் கட்டிப் போடவில்லையே" என்று எழுதி முடித்துவிடுவார்.

(கட்டடங்களை ஆரஞ்சு விளக்கால் நனைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மின்கட்டணம் கட்டுகிறவர்கள் சொல்லட்டும்.)

30 நவம்பர் 2024

ஆட்கடத்தல் பக்கம் போகவே இல்லையே என்று ஒரு தம்பி கேட்டார். வருகிறேன்.

சர்வதேச அளவில் இதற்கு இலக்கணம் வகுத்தது 2000-ல் பாலெர்மோவில் கையெழுத்தான நெறிமுறை. மூன்று அடுக்காகப் பார்க்கச் சொல்கிறது. முதலில் செயல்: ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது, இவற்றில் ஏதோ ஒன்று. அடுத்தது வழி: பலம், மிரட்டல், ஏமாற்று, ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்துவது, அவர்மேல் அதிகாரம் உள்ளவருக்குப் பணம் கொடுப்பது. மூன்றாவது நோக்கம்: சுரண்டல். இந்த வழிகளில் ஒன்று இருந்துவிட்டால் "அவளே சம்மதித்துத்தானே போனாள்" என்ற பேச்சுக்கு மதிப்பே கிடையாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் வழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செயலும் நோக்கமும் போதும்.

கவனியுங்கள், எல்லை தாண்டவேண்டும் என்று இதில் எங்கும் இல்லை. தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றும் இல்லை. அடுத்த தெருவில், பூட்டாத வீட்டில் நடக்கலாம்.

பூட்டு வேறு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கணக்கு நோட்டில். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம், பயணச் செலவு, தங்கும் செலவு, எல்லாம் கடனாக எழுதப்படும். முதல் மாதச் சம்பளம் கடனில் கழியும். இரண்டாம் மாதம் உடைந்த பொருளுக்கு அபராதம். கடன் குறையவே குறையாது. கடவுச்சீட்டு "பத்திரமாக" முதலாளியிடம் இருக்கும். ஊரில் உள்ள தங்கையின் பள்ளிக்கூடம் எது என்று தரகருக்குத் தெரியும். இதற்குமேல் சங்கிலி எதற்கு?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 அறிகுறிகள் கொடுத்திருக்கிறது. ஏமாற்றுதல், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துதல், தனிமைப்படுத்துதல், அடையாளத் தாள்களைப் பிடித்துவைத்தல், சம்பளத்தை நிறுத்திவைத்தல், கடனில் பிணைத்தல், அளவில்லாத வேலை நேரம் எல்லாம் அதில் உண்டு. இந்தப் பட்டியலையும் 25-ந் தேதி நான் எழுதிய அந்த "ஆனா"வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டை, போன், அம்மாவோடு பேச்சு. வீட்டு வன்முறையும் ஆட்கடத்தலும் வேறு வேறு சட்டத்தில், வேறு வேறு துறையில் கிடக்கின்றன. மாட்டிக்கொண்டவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் நடக்கும்.

1 டிசம்பர் 2024

நேற்றையதை மறுபடி படித்தேன். "ஒரே மாதிரி" என்றது கொஞ்சம் வேகம். கடத்துகிறவனுக்கு லாபம் வேண்டும். வீட்டில் கொடுமை செய்கிறவனுக்குப் பெரும்பாலும் அதிகாரம் வேண்டும். லாபம் நின்றால் முதலாமவன் விட்டுவிடக்கூடும், இரண்டாமவன் விடமாட்டான். ஆனால் கணவனோ காதலனோ தரகனாகவே இருக்கும் வழக்குகளில் இந்த வித்தியாசமும் அழிந்துபோகிறது. காதலித்து, நம்பவைத்து, "நம் இரண்டு பேருக்கும்தான் இந்தப் பணம்" என்று சொல்லித் தள்ளிவிடுவது இந்தத் தொழிலின் மிகப் பழைய முறைகளில் ஒன்று.

2 டிசம்பர் 2024

இன்று அடிமைமுறை ஒழிப்பு நாள். காலையிலேயே குடும்பக் குழுவில் ஒரு தகவல் வந்துவிட்டது: வெள்ளை வேன், மயக்க மருந்து தடவிய துணி, "பத்து பேருக்கு அனுப்புங்கள்". அனுப்பியவர் மிக நல்லவர். அக்கறையில்தான் அனுப்புகிறார்.

அந்த அக்கறை என்ன செய்யும் என்று பார்ப்போம். 2020 ஜூலையில் ஒரு பெரிய இணைய மரச்சாமான் கடையில் விலை அதிகமான அலமாரிகளுக்குப் பெண் பெயர்கள் வைத்திருப்பதைப் பார்த்து, அலமாரி என்ற பெயரில் குழந்தைகளை விற்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. அதற்கு ஆதாரமே கிடையாது. அமெரிக்காவில் ஆட்கடத்தல் உதவி எண்ணை நடத்திய போலாரிஸ் அமைப்புக்கு இந்த அலமாரிப் புகார்கள் குவிந்து, உண்மையில் உதவி தேவைப்பட்டவர்களைக் கவனிப்பது சிரமமானது என்று அவர்களே சொன்னார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2018-ல், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி இந்தியாவிலும் மெக்சிகோவிலும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆட்களைக் கூட்டம் சேர்ந்து கொன்றது.

ஆக, கேள்வி கேட்டவரே, விழிப்புணர்வு வீண் என்று சொன்னீர்கள். நான் அதைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: தப்பான விழிப்புணர்வு ஆளைக் கொல்லும். வேனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை வாங்கித் தரும் மாமாவை யாரும் பார்ப்பதில்லை.

3 டிசம்பர் 2024

மாமாக்கள் யாரும் கோபப்பட வேண்டாம். சித்தப்பா என்று போட்டாலும் கணக்கு மாறாது.

5 டிசம்பர் 2024

பேசப் போகும் இடமெல்லாம் கைதூக்கிக் கேட்கப்படும் கேள்வி, இங்கும் வந்துவிட்டது: "அவ்வளவு கொடுமை என்றால் ஏன் விட்டுவிட்டு வரவில்லை?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் இளம் பெண்கள். நானாக இருந்தால் வந்திருப்பேன் என்ற தைரியத்தில் கேட்கிறார்கள். அந்த தைரியத்தை நான் உடைக்க விரும்புவதில்லை. ஆனால் பிரிந்து வரும் காலமும் வந்த பிறகான சில மாதங்களும்தான் கொலை நடக்கும் ஆபத்து அதிகமுள்ள காலம். வீட்டில் இருந்து அவன் முகத்தைப் படித்துப் பிழைத்துக்கொண்டிருப்பவளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவள் கோழையாக இருந்து அங்கே நிற்கவில்லை, கணக்குப் போட்டு நிற்கிறாள்.

தோழி ஒருத்தி ஒருமுறை பாத்திரம் துலக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், பாதி வாக்கியம் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதை விடுங்கள். என்ன சொல்லலாம் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2014-ல் மருத்துவப் பணியாளர்களுக்கு எழுதிய கையேடு எனக்கு உதவியது. காது கொடுத்துக் கேள். என்ன தேவை என்று கேள். நம்புகிறேன் என்று சொல். இன்றிரவு ஆபத்து இருக்கிறதா என்று பேசு. மேற்கொண்டு உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு. அவ்வளவுதான். "விட்டுட்டு வா" என்பது அதில் இல்லை. "அவரிடம் நான் பேசுகிறேன்" என்பது நிச்சயமாக இல்லை. நீங்கள் பேசிவிட்டு வந்துவிடுவீர்கள், கதவு சாத்தியபின் அவள்தான் உள்ளே இருப்பாள்.

6 டிசம்பர் 2024

ஆண்களுக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர், கொஞ்சம் எரிச்சலோடு. இன்றைய தேதிக்கே பதில் இருக்கிறது. 1989 டிசம்பர் 6, கனடாவின் மான்ட்ரியலில் ஒரு பொறியியல் கல்லூரி. துப்பாக்கியோடு நுழைந்தவன் ஒரு வகுப்பறையில் ஆண்களைத் தனியே பிரித்து வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைச் சுட்டான். 14 பெண்கள் செத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அந்நாட்டு ஆண்கள் சிலர் தொடங்கியதுதான் வெள்ளை ரிப்பன் இயக்கம்: பெண்கள்மேல் வன்முறை செய்யமாட்டேன், பார்த்தால் சும்மா இருக்கமாட்டேன்.

ரிப்பன் குத்திக்கொள்வது சுலபம். நண்பர்கள் குழுவில் ஒருவன் "என் பொண்டாட்டி போனை நான் தினமும் செக் பண்ணுவேன்" என்று பெருமையடிக்கும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம். நான் ஆண்களிடம் கேட்பது அந்த இரண்டாவதை.

8 டிசம்பர் 2024

சத்தமில்லாமல் உதவி கேட்கும் கைச் சைகை பற்றிக் கேட்டவருக்கு. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்காகக் கனடியப் பெண்கள் அறக்கட்டளை வெளியிட்டது: உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களை அதன்மேல் மூடுவது. காணொளி அழைப்பில் சத்தமில்லாமல் செய்யலாம். 2021 நவம்பரில் அமெரிக்காவில், காரில் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி ஜன்னல் வழியாக இதைச் செய்ய, பின்னால் வந்த வண்டிக்காரர் புரிந்துகொண்டு போலீசுக்குச் சொல்லி அவள் மீட்கப்பட்டாள்.

நல்ல விஷயம்தான், ஆனால் எனக்குத் தயக்கமும் உண்டு. இது பரவப் பரவ கொடுமை செய்கிறவனுக்கும் தெரிந்துபோகும். அதைவிடப் பெரிய ஓட்டை, சைகை செய்யச் சொல்லித் தருகிற காணொளிகள் ஆயிரம். பார்த்தவர் என்ன செய்வது என்று சொல்பவை குறைவு. கண்ணெதிரே உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண். வீடியோ அழைப்பில் பார்த்தால், பதறிக் கத்தாதீர்கள். வேறு வழியில், அவனும் படிக்கக்கூடும் என்ற நினைப்போடு, "ஆமாம், இல்லை" என்று பதில் வரும்படி சின்னக் கேள்வியாகக் கேளுங்கள்.

அவள் போனை அவன் பார்ப்பான் என்பதை மறக்கவே கூடாது. உதவித் தளங்கள் பலவற்றில் "உடனே வெளியேறு" என்று ஒரு பொத்தான் இருக்கும், தட்டினால் வானிலையோ செய்தியோ திறந்துகொள்ளும். தேடிய வரலாறு அதனால் அழியாது. இந்த விவரமெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

12 டிசம்பர் 2024

ஐநாவின் ஆட்கடத்தல் அறிக்கை நேற்று வந்தது. 2022-ல் கண்டறியப்பட்டவர்கள் கொரோனாவுக்கு முந்தைய 2019-ஐவிட 25 சதவீதம் அதிகம். கட்டாய உழைப்புக்காகக் கடத்தப்பட்டவர்கள் 47 சதவீதம் அதிகம். குழந்தைகள் 31 சதவீதம் அதிகம். மொத்தத்தில் பெண்களும் சிறுமிகளுமே பெரும்பான்மை.

இதெல்லாம் கண்டறியப்பட்டவர்கள் கணக்கு. தேடிய இடத்தில் கிடைத்தவர்கள். இழுத்துச் சாத்திய வீட்டு வேலையில் இருப்பவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

"படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வேலை என்று வரவழைத்து, அடைத்துவைத்து, இணையத்தில் ஆட்களை ஏமாற்றவைக்கும் மியான்மர், கம்போடிய மோசடி வளாகங்களைப் பாருங்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் அப்படி அடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. கணினி தெரிந்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள், பட்டதாரிகள். அந்தத் திறமைக்காகவே பிடிக்கப்பட்டவர்கள். ஆண்களும் ஏராளம். மீண்டு வந்தவர்களை மோசடிக்காரர்கள் என்று விசாரிப்பதும் நடக்கிறது. மிரட்டிச் செய்யவைத்த குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கை காகிதத்தில் இருக்கிறது.

20 டிசம்பர் 2024

பதினாறு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நேற்றைய பிரெஞ்சுத் தீர்ப்பை எழுதாமல் விட முடியவில்லை.

ஜிசேல் பெலிக்கோ. கணவர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவருக்குத் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்து, தானும் வன்புணர்ந்து, இணையத்தில் ஆள் பிடித்து வீட்டுக்கு வரவழைத்தார். நேற்று அவின்யோன் நீதிமன்றத்தில் அவரையும் சேர்த்து 51 ஆண்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. கணவருக்கு 20 ஆண்டு. நினைவு தவறுகிறது என்று ஜிசேல் மருத்துவர்களிடம் போயிருக்கிறார். மறதி நோயோ என்று பயந்திருக்கிறார். ஒருவருக்கும் பொறி தட்டவில்லை. வந்துபோன ஆண்களில் ஒருவர்கூடப் போலீசுக்குப் போகவில்லை. தீயணைப்பு வீரர், பத்திரிகையாளர், செவிலியர், லாரி ஓட்டுநர் என்று எல்லா வேலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். "தப்பு என்று எல்லோருக்கும் தெரியுமே" என்ற வாக்கியத்தை இவர்கள் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்; கணவர் அனுமதித்தார், அதனால் வன்புணர்வு இல்லை என்று இவர்களில் சிலர் நீதிமன்றத்தில் வாதாடினார்கள்.

எப்படி வெளிவந்தது தெரியுமா? 2020 செப்டம்பரில் ஒரு பல்பொருள் அங்காடியில் பெண்களின் பாவாடைக்குக் கீழே படம் எடுத்த அந்தக் கணவரைக் காவலாளி ஒருவர் பிடித்தார். "சின்ன விஷயம், எச்சரித்து அனுப்பு" என்று விட்டிருக்கலாம். விடவில்லை. போலீஸ் வந்து, சாதனங்களைத் திறந்து பார்த்து, எல்லாம் வெளியே வந்தது.

விசாரணையை மூடிய கதவுக்குள் நடத்த ஜிசேல் கேட்டிருக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. திறந்தே வையுங்கள் என்றார். வெட்கம் இடம் மாற வேண்டும் என்றார்.



27 டிசம்பர் 2024

தன் அலுவலகத்துக்குச் சுவரொட்டி அச்சடிக்கப் போவதாகவும், என்ன எழுதுவது என்றும் அக்கா என்று விளித்துக் கேட்டவருக்கு:

படம் வேண்டாம். நான்கு கேள்வி போதும். உங்கள் சம்பளத்தை உங்களால் எடுக்க முடிகிறதா? உங்கள் அடையாளத் தாள்கள் உங்களிடம் இருக்கின்றனவா? நினைத்தபோது வெளியே போய்வர முடிகிறதா? கழுத்தில் யாராவது கைவைத்திருக்கிறார்களா? கீழே உங்கள் நாட்டு உதவி எண், கிழித்துக்கொண்டு போகும் சின்னத் துண்டுகளாக. துண்டில் எண் மட்டும் இருக்கட்டும், "பெண்கள் உதவி" என்றெல்லாம் போடாதீர்கள், பையைத் துழாவுகிறவன் கண்ணில் படும். வரவேற்பறையில் மாட்டாதீர்கள், பெண்கள் கழிவறைக்குள், கதவின் உட்பக்கம். ஆண்கள் கழிவறையிலும் ஒன்று. அலுவலகத்தைத் துடைத்துப் பெருக்குகிறவர்கள் எந்த மொழி படிப்பார்களோ அந்த மொழியிலும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணை நீங்களே இரவு பதினொரு மணிக்கு அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எந்த மொழியில் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் காக்கவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பகலில் மட்டும்தான் எடுப்பார்கள் என்றால் அந்த நேரத்தையும் எண்ணுக்குக் கீழே போடுங்கள்.